லைன் சூப்பர்வைசராகி நாலு மாதம் ஆகிறது: கத்தாமல் வேலை வாங்க முடியுமா?

நாலாம்லைன்_அக்கா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். 18 வயதில் கைமடியாக, அதாவது டைலருக்கு உதவியாளாக, சேர்ந்தேன். அப்புறம் ஓவர்லாக், பிளாட்லாக் என்ற இரண்டு தையல் மிஷினும் கற்றுக்கொண்டு 15 வருஷம் டைலர் வேலை. இந்தப் பொறுப்பைக் கொடுத்து நாலு மாதம்தான் ஆகிறது. நான் வேலை செய்த இடங்களில் பெண்கள் டைலராக இருப்பார்கள், செக்கிங்கில் இருப்பார்கள், லைனுக்குப் பொறுப்பு என்று வந்தால் ஆண்தான். எனக்குக் கிடைத்திருக்கிறது, இதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்கிற பயத்தில்தான் இங்கே கேட்கிறேன்.

என் லைனில் 38 பேர். அதில் 24 பேர் டைலர்கள். மீதிப் பேர் கைமடி, டிரிம்மிங், செக்கிங். டைலர்களில் 10 பேர் ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைகள், மிஷினில் உட்கார்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. மற்றவர்கள் எல்லாம் பழைய ஆட்கள். கழுத்து ரிப் (கழுத்தைச் சுற்றி வருகிற பட்டி) வைக்கிற அக்காதான் எனக்கு முதன்முதலில் மிஷின் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். இன்றைக்கு அவர் என் லைனில் உட்கார்ந்திருக்கிறார்.

எனக்கு முன்னால் இருந்த அண்ணன் நன்றாகக் கத்துவார். கெட்ட வார்த்தையும் வரும். அவர் காலத்தில் சாதாரண ரவுண்ட் நெக் டீ-ஷர்ட் ஒரு ஷிஃப்டுக்கு 950, 960 பீஸ் வந்தது. நான் வந்த பிறகு 780, ரொம்ப நல்ல நாளில் 820. மேனேஜர் தினமும் 11 மணிக்கு வந்து, லைன் நடுவில் நின்று, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி என்னைக் கேட்கிறார். "உனக்கு ஆளை மிரட்டத் தெரியாதா?" என்றுகூட ஒரு நாள் கேட்டுவிட்டார்.

எனக்கு மிரட்ட வராது என்பதில்லை. மனசு ஒப்பவில்லை. 22 வயதில் ஒரு பெரிய கம்பெனியில் வேலை பார்த்தபோது, சைட் சீம் (பக்கத் தையல்) கோணலாகப் போய்விட்டது என்று அங்கிருந்த சூப்பர்வைசர் துணிப் பண்டிலை என் முகத்தில் விட்டெறிந்தார். 60 பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்து உட்கார்ந்தேன், கை நடுங்கிக்கொண்டே இருந்தது, அன்றைக்குச் சாயந்திரம் ஊசி விரலில் ஏறியது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. நானும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று அன்றைக்கே நினைத்தேன்.

போன மாதம் சூப்பர்வைசர்களை எல்லாம் இரண்டு நாள் பயிற்சி வகுப்பில் உட்கார வைத்தார்கள். தலைமைப் பாணிகள் என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஆட்டோகிராட்டிக் (கட்டளையிடுவது), டெமாக்ராட்டிக் (கலந்து பேசுவது), லெஸே ஃபேர் (தலையிடாமல் விடுவது), டிரான்ஸ்ஃபர்மேஷனல் (ஊக்கம் கொடுத்து ஆட்களை மாற்றுவது). 40 கேள்விக்கு டிக் அடிக்கச் சொன்னார்கள். நான் டெமாக்ராட்டிக் என்று வந்தது. சந்தோஷமாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் மறுநாள் காலை எட்டரைக்கு லைனில் வந்து நின்றபோது அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. எல்லோரிடமும் "என்ன பண்ணலாம், நீங்களே சொல்லுங்க" என்று கேட்டுப் பார்த்தேன். பீஸ் இன்னும் குறைந்தது.

என் கேள்வி இதுதான். நான் எந்த வகையாக மாற வேண்டும்? கத்துகிறவராக மாறினால்தான் இந்த வேலையில் நிலைக்க முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பீளமேடு_ஃபோர்மேன் எழுதியது:

அம்மணி, நான் கோவையில் பம்ப் செட்டுக்கு வார்ப்படம் செய்கிற பவுண்டரியில் 31 வருஷம் இருந்தவன். அதில் 19 வருஷம் ஃபோர்மேன். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. உன் தொழில் எனக்குத் தெரியாது. ஆனால் இந்தக் கேள்வி எனக்குத் தெரியும், இதே கேள்வியோடு நானும் பல வருஷம் இருந்திருக்கிறேன்.

முதல் ஏழெட்டு வருஷம் நான் கத்துகிற ஆள்தான். என் குரல் கேட்டால் மோல்டிங் பையன்கள் பீடியைக் கீழே போட்டுவிட்டு ஓடுவார்கள். எனக்கு அது பெருமையாகவும் இருந்தது. அப்போது அப்பா தவறிவிட்டார், நாலு நாள் ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் ஒரு மூலையில் ரிஜெக்‌ஷன் குவிந்து கிடக்கிறது. உடைத்துப் பார்த்தால் உள்ளே எல்லாம் காற்றுக்குமிழி ஓட்டை. அச்சு செய்கிற மண்ணில் ஈரம் அதிகமாகிவிட்டது. ஈரம் அதிகமானால் உலோகத்தை ஊற்றும்போது ஆவி கிளம்பி உள்ளேயே மாட்டிக்கொள்ளும், வார்ப்பு ஓட்டையாகும். கையில் ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்திப் பார்த்தாலே மோல்டிங் செய்கிறவனுக்குத் தெரியும். "தெரிந்ததா?" என்று கேட்டேன். தெரிந்தது என்றார்கள். "அப்புறம் ஏன் நிறுத்தவில்லை?" என்றேன். ஒரு பையன் சொன்னான்: "நீங்க நிறுத்தச் சொல்லலையே அண்ணா."

அந்தப் பதிலை நான் மறக்கவே இல்லை. நாலு நாளும் அவர்கள் சோம்பேறித்தனமாக இருக்கவில்லை. நல்லபடியாகவே உழைத்திருக்கிறார்கள், ஓட்டை வார்ப்பை உழைத்து உழைத்துக் குவித்திருக்கிறார்கள். யோசிக்கிற வேலை முழுவதையும் நான் பிடுங்கி வைத்துக்கொண்டிருந்தேன், நான் இல்லாத நாளில் அங்கே யோசிக்க ஆள் இல்லை.

அதற்காக எல்லா நேரமும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க முடியுமா என்றால், முடியாது. உருகிய இரும்பு லேடிலில் (ஊற்றுகிற பெரிய கரண்டியில்) வரும்போது "தம்பி, கொஞ்சம் தள்ளி நிற்கலாமா, உன் கருத்து என்ன" என்று கேட்க மாட்டேன். ஈரமான லேடிலில் இரும்பு விழுந்தால் வெடிக்கும், ஆள் போய்விடுவான். அந்த அரை மணி நேரம் நான் சொன்னால் சொன்னதுதான், யாரும் கேள்வி கேட்கக் கூடாது. பையன்களும் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. ஊற்றி முடித்த பிறகு, டீ குடிக்கும்போது, "இன்றைக்கு எது சரியில்லை" என்று நான் கேட்பேன், அவர்கள் சொல்வார்கள். ஒரே ஆள், ஒரே நாளில், இரண்டு விதம். அதனால் நீ எந்த வகை என்று சொல்கிற காகிதத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

இரண்டு விஷயம் கேட்கிறேன், பதில் சொல். ஒன்று, அந்த அண்ணன் காலத்தில் ஆல்டர் (தப்பாகித் திருத்தத்துக்குத் திரும்பி வருகிற பீஸ்) எவ்வளவு, இப்போது எவ்வளவு? இரண்டு, நீ லைனில் இல்லாத ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது?

ஸ்பீடு_லைன் எழுதியது:

சகோதரி, நான் 23 வருஷமாக சூப்பர்வைசர். சொல்கிறவர்கள் ஆயிரம் சொல்வார்கள். ஷிப்மெண்ட் தேதி தள்ளிப்போனால் விமானத்தில் அனுப்பச் சொல்வார்கள், அந்தச் செலவில் ஆர்டர் லாபம் மொத்தமும் போய்விடும். அப்போது உங்கள் நல்ல மனசை யாரும் கேட்க மாட்டார்கள். கொஞ்சம் சத்தம் போட்டால்தான் கை ஓடும். நான் யாரையும் கெட்ட வார்த்தை சொன்னதில்லை, ஆனால் குரலை உயர்த்தாமல் ஒரு நாளும் டார்கெட் எடுத்ததும் இல்லை. நீங்கள் நல்லா வரணும் என்றுதான் சொல்கிறேன்.

மூணாவது_மிஷின் எழுதியது:

நான் சூப்பர்வைசர் இல்லை. டைலர். 12 வருஷமாக பிளாட்லாக். இந்தப் பேச்சில் மிஷினில் உட்கார்ந்திருக்கிறவர் யாரும் இல்லையே என்று எழுதுகிறேன்.

ஸ்பீடு லைன் அண்ணா சொல்வது பாதி நிஜம். கத்தினால் கை ஓடும். ஒரு மணி நேரம் ஓடும். அப்புறம் என்ன நடக்கும் என்று சூப்பர்வைசருக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும். தையல் விட்டுப்போன பீஸைப் பண்டிலின் நடுவில் சொருகி அடுத்த மிஷினுக்குத் தள்ளிவிடுவோம். செக்கிங்கில் மாட்டட்டும், இப்போதைக்குத் திட்டு வாங்காமல் இருந்தால் போதும். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை வராமல் இருப்போம். பக்கத்துக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தால் புதன்கிழமை அங்கே இருப்போம். திருப்பூரில் நல்ல டைலருக்கு வேலைக்குப் பஞ்சம் இல்லை.

சும்மா சிரித்த முகமாக இருக்கிற சூப்பர்வைசரும் எங்களுக்கு வேண்டாம் அக்கா. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எனக்கு ஒருத்தர் இருந்தார், தங்கமான மனுஷர், யாரையும் ஒரு சொல் சொல்ல மாட்டார். ஆனால் நூல் தீர்ந்து 20 நிமிஷம் உட்கார்ந்திருப்போம். வெட்டுத்துணி வராது. சுலபமான பண்டிலை அவருக்குப் பிடித்தவர்கள் எடுத்துக்கொள்வார்கள், கஷ்டமான துணி எங்கள் பக்கம் வரும், அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். பீஸ் ரேட்டில் ஓடுகிறவர்களுக்கு அது சோற்றில் கை வைக்கிற மாதிரி. அவர் நல்லவராக இருந்ததில் எங்களுக்கு ஒரு ரூபாய் லாபம் இல்லை.

எனக்கு வேண்டியது என்னவென்றால், காலையில் நான் வந்து உட்காரும்போது நூலும் துணியும் ரெடியாக இருக்க வேண்டும். எத்தனை பீஸ் வேண்டும் என்று மணிக்கணக்கில் சொல்ல வேண்டும், சாயந்திரம் ஏழு மணிக்கு வந்து குறைகிறது என்று சொல்லக் கூடாது. தப்பு செய்தால் மிஷின் பக்கத்தில் வந்து காதோடு சொல்ல வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பாதி நாள் லீவுக்கு என்னைக் கெஞ்ச வைக்கக் கூடாது. இதைச் செய்கிறவர் குரலை உயர்த்தினாலும் எனக்கு வலிக்காது, ஏதோ அவசரம் போல என்று நினைத்துக்கொள்வேன்.

நாலாம்லைன்_அக்கா எழுதியது:

ஃபோர்மேன் அண்ணா கேட்டதற்காக நேற்று பழைய ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். அந்த அண்ணன் காலத்தில் நூற்றுக்கு 11, 12 பீஸ் ஆல்டர். இப்போது 6. திங்கட்கிழமை அப்போது ஆறேழு பேர் வர மாட்டார்கள், இப்போது இரண்டு மூன்று பேர். இதை நாலு மாதத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை. கணக்குப் போட்டால் நல்ல பீஸ் அவருக்கு 845 வந்திருக்கிறது, எனக்கு 750. இன்னும் குறைவுதான். ஆனால் மேனேஜர் சொல்கிற அளவுக்கு இல்லை.

நான் இல்லாத நேரத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டீர்கள். பழைய ஆட்கள் பக்கம் ஒன்றும் மாறுவதில்லை. புதுப் பிள்ளைகள் பக்கம் நின்றுவிடுகிறது. ஒரு சின்னச் சந்தேகம் வந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு நான் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூணாவது மிஷின் தங்கச்சி, நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நூல் விஷயம் எனக்கே குத்தியது. எங்கள் லைனிலும் காலையில் முதல் 25 நிமிஷம் அப்படித்தான் போகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கழுத்து ரிப் வைக்கிற அக்காவிடம் வேகம் குறைகிறது. அங்கேதான் லைனே தேங்குகிறது. அவருக்கு எப்படிச் சொல்வது? கற்றுக்கொடுத்தவர். அதனால் சொல்லாமல், பக்கத்தில் போய்ப் போய் நின்று பார்க்கிறேன். அது அவருக்கு இன்னும் பதற்றமாக இருக்கிறது என்று தெரிகிறது.

வகுப்பறை_எண்_7 எழுதியது:

நான் ஈரோட்டில் ஒரு கலைக் கல்லூரியில் மேலாண்மைப் பாடம் எடுக்கிறேன். நீங்கள் பயிற்சி வகுப்பில் கேட்ட நாலு பெயர்களில் முதல் மூன்றும் எங்கிருந்து வந்தன என்று சொன்னால் உங்கள் கேள்விக்கு அதிலேயே பாதிப் பதில் கிடைக்கும்.

குர்ட் லெவின் என்று ஒரு யூத உளவியல் அறிஞர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-ல் ஜெர்மனியை விட்டு அமெரிக்காவுக்குப் போனவர். சர்வாதிகாரம் மனிதர்களை என்ன செய்கிறது என்பது அவருக்கு வெறும் பாடப்புத்தக விஷயமாக இருந்திருக்க முடியாது. 1930-களின் கடைசியில் அயோவாவில் அவரும் லிப்பிட், ஒயிட் என்ற இருவரும் சேர்ந்து 10 வயதுப் பையன்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, பள்ளி முடிந்த பிறகு முகமூடி செய்வது போன்ற கைவேலைகளைக் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு எல்லாவற்றையும் கட்டளையாகச் சொல்லும் தலைவர், ஒரு குழுவுக்குக் கலந்து பேசி முடிவெடுக்கிறவர், இன்னொன்றுக்கு எதிலும் தலையிடாமல் இருப்பவர்.

நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. தலைவர்களாக வந்த பெரியவர்கள் குழு மாறும்போது பாணியையும் மாற்றிக்கொண்டார்கள். கட்டளையிட்ட அதே ஆள் அடுத்த குழுவில் கலந்து பேசினார். அதாவது இந்த மூன்றையும் கண்டுபிடித்தவர்களே அவற்றைப் பிறவிக் குணமாகப் பார்க்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய நடத்தையாகத்தான் பார்த்தார்கள். 40 கேள்விக்கு டிக் அடித்து "நீ இந்த வகை" என்று சொல்லும் பழக்கம் பின்னால் வந்தது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

ஃபோர்மேன் ஐயா கேட்டாரே, நீ இல்லாத ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று, அதையேதான் அவர்களும் பார்த்தார்கள். தலைவர் வேண்டுமென்றே அறையை விட்டு வெளியே போவார். கட்டளைக்கு அடங்கிப்போன குழுக்களில் தலைவர் இருக்கும்போது நேரத்தில் 74 சதவீதம் வேலையில் மும்முரமாக இருந்த பையன்கள், அவர் வெளியே போனதும் 29 சதவீதத்துக்கு இறங்கினார்கள். கலந்து பேசிய குழுக்களில் அவர் இருக்கும்போது 50, இல்லாதபோது 46. தலைவர் எதிரில் நிற்கும் நேரத்தை மட்டும் எடுத்தால் கட்டளைதான் ஜெயிக்கிறது. உங்கள் மேனேஜர் 11 மணிக்கு வந்து பார்ப்பது அந்த 74-ஐ. தலையிடாத தலைவரிடம் அவர் இருக்கும்போதே வேலை மிகக் குறைவு. மூணாவது மிஷின் சொன்ன தங்கமான மனுஷர் அந்த வகை. அவரை ஜனநாயகவாதி என்று நினைத்துவிடுவதுதான் பெரும்பாலோர் செய்கிற தவறு, நீங்களும் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறீர்களோ என்று தோன்றுகிறது.

உங்களுக்கு இதைவிட நெருக்கமான ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. எட்வின் ஃப்ளைஷ்மனும் ஹாரிஸும் 1962-ல் வெளியிட்டது. லாரி தயாரிக்கும் ஆலை ஒன்றில் 57 ஃபோர்மேன்களை எடுத்துக்கொண்டு இரண்டை அளந்தார்கள். ஒன்று, தன் ஆட்கள் மீது காட்டுகிற அக்கறை. மற்றொன்று, வேலையை ஒழுங்குபடுத்தி, இன்னது இன்ன நேரத்தில் வேண்டும் என்று சொல்கிற கண்டிப்பு. அக்கறை குறைந்த ஃபோர்மேன்களிடம், கண்டிப்பு கூடினாலும் குறைந்தாலும், புகார்கள் அதிகம். அக்கறை அதிகம் உள்ளவர்கள் கண்டிப்பைக் கூட்டினாலும் புகார் பெரிதாக ஏறவில்லை. தங்கச்சி கடைசி வரியில் எழுதியதும் இதுதான். இரண்டும் தராசின் இரண்டு தட்டு இல்லை, ஒன்று ஏறினால் மற்றது இறங்க வேண்டும் என்று இல்லை. உங்களிடம் அக்கறை இருக்கிறது, அதை விட்டுவிடாமல் கண்டிப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குக் குரல் உயர வேண்டியதில்லை.

அப்புறம், யாரிடம் எப்படி என்பது. ஹெர்ஸி, பிளான்சார்ட் என்ற இருவர் 1969-ல் சொன்னது: வேலை தெரியாத புது ஆளுக்குத் தெளிவாகச் சொல்லிக்கொடு, தெரிந்த ஆளிடம் கேள், முழுசாகத் தேறியவரிடம் ஒப்படைத்துவிடு. அவர்கள் போட்ட அட்டவணையை ஆராய்ச்சிகள் முழுசாக உறுதிப்படுத்திவிடவில்லை, ஆனாலும் அந்த யோசனை எனக்குப் பயன்பட்டிருக்கிறது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், இரண்டு மாதப் பிள்ளைகளிடம் "நீங்களே சொல்லுங்க" என்கிறீர்கள், 15, 20 வருஷம் தைத்தவர் பக்கத்தில் போய் நின்று கண்காணிக்கிறீர்கள். தலைகீழாக இருக்கிறது. புதியவர்களுக்கு இது இது இப்படி என்று சொல்லுங்கள். அக்காவிடம் போய்க் கேளுங்கள்.

கடைசியாக உங்கள் மேனேஜர். இதே ஃப்ளைஷ்மன் 1953-ல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், நல்லபடி நடத்தப் பயிற்சி பெற்றுத் திரும்பிய ஃபோர்மேன்கள் ஆலைக்கு வந்த பிறகு பயிற்சியில் கற்றதுபோல் நடக்கவில்லை என்று கண்டார். அவர்களுடைய மேலதிகாரி அவர்களை எப்படி நடத்தினாரோ, அதைப் பொறுத்துத்தான் அவர்களும் தங்கள் ஆட்களை நடத்தினார்கள். உங்களுக்கு இரண்டு நாள் வகுப்பு எடுத்த கம்பெனி, மேனேஜரை அதில் உட்கார வைத்ததா? இல்லை என்றால் உங்கள் மீது இருக்கிற அழுத்தம் உங்கள் குறை இல்லை என்பதையாவது நீங்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பீளமேடு_ஃபோர்மேன் எழுதியது:

டீச்சரம்மா எழுதியது அருமை. 19 வருஷம் ஃபோர்மேன் வேலை பார்த்து முடித்த பிறகு படிக்கிறேன், அப்போதே தெரிந்திருக்கலாம்.

மேனேஜர் விஷயத்துக்கு நான் ஒன்று சொல்கிறேன். எல்லோருக்கும் தெரிந்த கதைதான், ஆனால் சரியான இடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். 1979 ஆகஸ்ட் 10, ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்.எல்.வி-3 ராக்கெட் கடலில் விழுந்தது. திட்டத்துக்குப் பொறுப்பு அப்துல் கலாம். பத்திரிகைக்காரர்கள் முன்னால் போய் உட்கார்ந்தது இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். என் ஆட்கள் மீது நம்பிக்கை இருக்கிறது, அடுத்த முறை ஜெயிப்போம் என்று பொறுப்பைத் தான் ஏற்றுக்கொண்டார். 1980 ஜூலை 18-ல் ராக்கெட் வெற்றிகரமாகப் போனது. அப்போது பத்திரிகையாளரைச் சந்திக்கக் கலாமை அனுப்பினார். கலாம் சாகிறவரை இதை மேடை மேடையாகச் சொல்லிக்கொண்டிருந்தார் என்றால் அது அவருக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்க வேண்டும்.

உன் மேனேஜர் தவான் இல்லை. சரி. உன் 38 பேருக்கு நீ அப்படி இருக்கலாம் இல்லையா. அவர் 11 மணிக்கு வந்து கேட்பதற்கு முன், நீயே பத்தரைக்குப் போய், இத்தனை பீஸ், இத்தனை ஆல்டர், இந்த இடத்தில் தேங்குகிறது, இதற்கு இது வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடு. லைன் நடுவில் கேட்பதற்கு அவருக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. என் பழைய ஒர்க்ஸ் மேனேஜரிடம் நான் செய்து பார்த்தது இது.

நாலாம்லைன்_அக்கா எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். ஒரு ஷிப்மெண்ட் இருந்தது, தினமும் ஒன்றரை ஷிஃப்ட்.

முதலில் நூல். இப்போது சாயந்திரம் கிளம்புவதற்கு முன்பே மறுநாள் நூலையும் முதல் இரண்டு மணி நேரத்துக்கான வெட்டுத்துணியையும் மிஷின் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் போகிறோம். அதிலேயே 40, 50 பீஸ் கூடிவிட்டது. இதற்கு எந்தப் பாணியும் தேவைப்படவில்லை. இத்தனை நாள் என்னையே நொந்துகொண்டிருந்தேன், நூல் பெட்டியைப் பார்க்கவில்லை.

கழுத்து ரிப் அக்கா. டீச்சர் சொன்ன மாதிரி போய்க் கேட்டேன். சாப்பாட்டு நேரத்தில், அவர் டிபன் பாக்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, இந்த ஆர்டரில் உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னார், கண் தெரியவில்லை என்று. இந்த ஆர்டர் முழுக்கக் கறுப்பும் நேவி புளூவும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல். நாலு மணிக்கு மேல் தையல் எங்கே போகிறது என்றே அவருக்குத் தெரியவில்லை, விரலால் தடவிப் பார்த்துத் தைத்துக்கொண்டிருந்திருக்கிறார். சொன்னால் வயசாகிவிட்டது என்று கைமடிக்கு இறக்கிவிடுவார்களோ என்று பயம். நான் போய்ப் போய் நின்றதைத் தன்னை எடுத்துவிடத்தான் பார்க்கிறேன் என்று நினைத்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எலக்ட்ரீஷியனிடம் சொல்லி மிஷின் தலையில் ஒரு சின்ன எல்இடி விளக்கு மாட்டினோம். அந்த ஞாயிற்றுக்கிழமை நானே கூட்டிக்கொண்டு போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன், காசு அவர்தான் கொடுத்தார், வாங்க மாட்டேன் என்று பிடிவாதம். இப்போது அங்கே தேங்குவதில்லை.

ஒடிசாப் பிள்ளைகளுக்கு இனி "நீங்களே சொல்லுங்க" இல்லை. ஒவ்வொரு மிஷினிலும் ஒரு சரியான பீஸ், ஒரு தப்பான பீஸ் தொங்கவிட்டிருக்கிறேன். மணிக்கு எத்தனை என்று எண் எழுதி ஒட்டியிருக்கிறேன். எண் அவர்களுக்கும் எனக்கும் ஒரே மொழி. தப்பான பீஸ் மாதிரி வந்தால் நீயே மிஷினை நிறுத்து, என்னிடம் கேட்க வேண்டாம் என்று கொஞ்சம் இந்தி, கொஞ்சம் சைகையில் சொன்னேன். நம்பவில்லை. நாலைந்து நாள் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

ஒரு நாள் குரலை உயர்த்தவும் செய்தேன், ஸ்பீடு லைன் அண்ணாவுக்காகச் சொல்கிறேன். ஒரு பையன் ஓடுகிற மிஷினில் பெல்ட் பக்கம் கையை விட்டான். கத்தினேன், லைன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவன் கோபித்துக்கொள்ளவில்லை. டீ நேரத்தில் அவனே வந்து பக்கத்தில் நின்றான்.

இப்போது 880, 890 பீஸ். ஆல்டர் 6-லேயே நிற்கிறது. நல்ல பீஸ் கணக்கில் அந்த அண்ணனைக் கிட்டத்தட்ட எட்டிவிட்டேன், ஒட்டுமொத்தக் கணக்கில் இன்னும் இல்லை. மேனேஜரிடம் பத்தரைக்குச் சீட்டுக் கொடுக்கிறேன். சில நாள் வாங்கிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். சில நாள் சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு அதே மாதிரிதான் லைன் நடுவில் நிற்கிறார். அது மாறவில்லை.

நேற்று சாயந்திரம் நான் ஸ்டோரில் ஊசி எண்ணி வாங்கிக்கொண்டிருந்தேன், முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. திரும்பி வந்தால் ஆறாவது மிஷின் நிற்கிறது. அந்த ஒடிசாப் பையன் கையில் ஒரு பீஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "தீதி (அக்கா), ஓட்டை" என்றான். ஊசி முனை மழுங்கித் துணியில் துளை விழுந்திருக்கிறது. ஐந்து பீஸில் பார்த்துவிட்டான். முன்பாக இருந்தால் நான் வருவதற்குள் 70, 80 போயிருக்கும். ஊசி மாற்றி மறுபடி ஓட விட்டோம். மேனேஜர் வந்து, பத்து நிமிஷம் மிஷின் ஏன் நின்றது, யார் நிறுத்தினது என்று கேட்டார். பையன் என் முகத்தைப் பார்த்தான். நிறுத்தச் சொல்லி வைத்திருந்தது நான்தான் சார் என்றேன்.